பின்மண்டைக் கணக்கு

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டால் தலையில் இருக்கும் முடி ஒன்றுகூடக் கூடுவதில்லை. எடுக்கும்போதும் நடும்போதும் கொஞ்சம் சேதாரம் ஆகும் என்பதால் உண்மையில் சற்றுக் குறையவே செய்யும். பின்மண்டையில் இருப்பதை எடுத்து முன்மண்டையில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். கிளினிக் வாசலில் தொங்கும் 'முன் – பின்' படங்களில் பின்மண்டையின் படம் இருப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

என் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கு இருபத்தைந்து வயதிலேயே நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிவிட்டது. பெண் பார்க்கத் தொடங்கிய நேரம். ஜாதகத்தோடு போட்டோவும் கேட்கிறார்களே என்று வீட்டில் அவசரம். சென்னையில் ஒரு கிளினிக்கில் மாதத் தவணை போட்டு 3,500 கிராஃப்ட் (பிடுங்கி நடும் சிறு முடிக்கொத்து) வைத்துக்கொண்டான். ஒரு வருடத்தில் நெற்றி நன்றாகவே நிரம்பியது. போட்டோ எடுத்தார்கள், கல்யாணமும் ஆனது. நான்காம் வருடம் ஒரு விசேஷ வீட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு டியூப்லைட்டுக்குக் கீழே தலையைக் குனிந்து காட்டினான். முன்னால் மூன்று விரற்கடை அகலத்துக்கு நெருக்கமான முடி. அதற்குப் பின்னால் உச்சிவரை மண்டைத்தோல் தெரிந்தது. அதற்கும் பின்னால், சலூனில் மெஷின் போட்டிருந்த இடத்தில், மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில்.

"நட்டதெல்லாம் அப்படியே இருக்கு சித்தப்பா. நடாததுதான் போயிடுச்சு" என்றான்.

கிளினிக்கில் போய்க் கேட்டிருக்கிறான். அவர்கள் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, வைத்த கிராஃப்ட் எல்லாம் முளைத்திருக்கிறது, எங்கள் வேலை முழு வெற்றி என்று சொல்லிவிட்டார்கள். பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம். அறுவை சிகிச்சை ஜெயித்து நோயாளி தோற்றுப்போவது எப்படி என்று புரிய, வழுக்கை எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆண் வழுக்கைக்கு நம் ஊரில் சொல்லப்படும் காரணங்கள் ஹெல்மெட், ஷாம்பு, போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகலாம், உடையலாம். ஆனால் நெற்றி ஓரத்தையும் உச்சியையும் மட்டும் தேடிப்பிடித்து வழுக்கையாக்கும் திறமை தண்ணீருக்கு இல்லை. அது பின்மண்டையிலும்தான் படுகிறது. அந்தத் திறமை இருப்பது ஒரு ஹார்மோனுக்கு. விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை ஹிப்போகிராட்டஸ் காலத்து கிரேக்கர்களே கவனித்திருந்தார்கள். 1942இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் அதை முறையாக ஆராய்ந்தார். பருவமடையும் முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு முன்மண்டை முடி அப்படியே இருந்தது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி கொட்டத் தொடங்கியது. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஎச்டி எனும் வீரியம் கூடிய ஹார்மோனாக மாற்றுகிறது. முன்மண்டையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள், பரம்பரை அப்படி வாய்த்தவர்களுக்கு, இந்த டிஎச்டியைத் தாங்குவதில்லை. சாதாரணமாக ஒரு தலைமுடி இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், பிறகு சில வாரங்களில் சுருங்கி, மூன்று மாதம்போல ஓய்ந்திருந்து விழும். அதே இடத்தில் அடுத்தது முளைக்கும். டிஎச்டியிடம் சிக்கிய மயிர்க்காலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைந்துகொண்டே போகிறது. வருடங்கள் மாதங்களாகும், தடித்த கருமுடி மெல்லிய பூனைமுடியாகும். முடி கொத்தாகக் கொட்டித்தான் வழுக்கை விழுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்துத் திரும்பி வருவதால்தான் விழுகிறது. ஒரு பகுதியில் ஏறக்குறைய பாதி அடர்த்தி போகும்வரை கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று கண்ணாடி சொல்லும் உச்சியில் ஏற்கெனவே பாதி காலியாகியிருக்கலாம்.

(அம்மாவழித் தாத்தாவின் தலையைப் பார்த்து ஜோசியம் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது மகனுக்கு அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் 2017இல் பிரிட்டனில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுக்களை அலசியபோது, வழுக்கையோடு தொடர்புடைய 280க்கும் அதிகமான இடங்கள் கிடைத்தன. அப்பாவழியையும் விட்டுவிட முடியாது.)

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம். நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில் செய்த சோதனை மிக எளிமையானது. முடி உள்ள தோலை வட்டமாகத் துளைத்து எடுத்து வழுக்கையில் வைத்தார், வழுக்கைத் தோலை எடுத்து முடி உள்ள இடத்தில் வைத்தார். பின்மண்டை முடி வழுக்கைக்கு நடுவிலும் வளர்ந்தது. வழுக்கைத் தோல் முடிக்கு நடுவிலும் வழுக்கையாகவே இருந்தது. முடி எங்கே குடியேறுகிறது என்பது பொருட்டல்ல, எங்கே பிறந்தது என்பதே பொருட்டு என்று 1959இல் எழுதினார். இன்றைய தொழில் முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஜப்பானில் ஷோஜி ஒக்குடா 1939இலேயே இதே துளைக்கருவி முறையை விவரித்திருந்தார். உலகப் போரில் அது வெளியே தெரியாமல் போயிற்று.

ஓரென்ட்ரைக் பயன்படுத்தியது 4 மில்லிமீட்டர் துளைக்கருவி. ஒரு துண்டில் பத்துப் பதினைந்து முடிக்கு மேல் இருக்கும். அதை வரிசையாக வைத்தால் பொம்மையின் தலைபோலத்தான் தெரியும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மேற்கு நாடுகளில் இதைச் செய்துகொண்டவர்களுக்குப் பத்து வருடம் கழித்துத்தான் உண்மையான அடி விழுந்தது. சுற்றியிருந்த சொந்த முடி போகப்போக, நட்ட கொத்துகள் மட்டும் தனித்தனித் தீவாக நின்றன. மொட்டையடித்து மறைக்கலாம் என்றால் அடியில் வட்டத் தழும்புகள். வயதானால் வழுக்கை என்று கௌரவமாக விட்டுவிடும் வாய்ப்பும் அவர்களுக்குப் பறிபோனது.

அதன்பிறகு தொழில்நுட்பம் நிறைய மாறியது. தலைமுடி ஒவ்வொன்றாக முளைப்பதில்லை, ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த இயற்கையான சிறு கொத்துகளாக முளைக்கிறது என்று ஜான் ஹெடிங்டன் 1984இல் நுண்ணோக்கியில் காட்டினார். டெக்சஸின் சான் அன்டோனியோவில் பாபி லிம்மர் 1980களின் இறுதியில் பின்மண்டையிலிருந்து ஒரு பட்டைத் தோலை வெட்டி எடுத்து, நுண்ணோக்கிக்கு அடியில் அந்தக் கொத்துகளைப் பிரித்து நடத் தொடங்கினார். பட்டையே வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் கொத்துகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கலாம் என்ற முறையை ராஸ்மனும் பெர்ன்ஸ்டைனும் 2002இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எஃப்யூஇ என்று இன்று ஊரெங்கும் விற்பது அதுதான். 'தழும்பே இல்லாத சிகிச்சை' என்று அதை விற்கிறார்கள். நீளத் தழும்பு இல்லை என்பது உண்மை. அதற்குப் பதிலாக 3,500 குட்டித் தழும்புகள் இருக்கும், அவை மாநிறத் தோலில் வெள்ளையாக ஆறும். முடியை ஒட்ட வெட்டாதவரை தெரியாது.

இந்தச் சிகிச்சையை நெல் நாற்று நடவோடு ஒப்பிடாத டாக்டர் இல்லை. பொருத்தமான உவமைதான், ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் இடறுகிறது. நாற்றங்காலில் அடுத்த போகத்துக்கு மறுபடி விதைக்கலாம். பின்மண்டையில் பிடுங்கிய இடத்தில் மறுபடி எதுவும் முளைக்காது.

அப்படியானால் கையிருப்பு எவ்வளவு? தலையில் சராசரியாக ஒரு லட்சம் முடி, ஏறத்தாழ 50,000 கொத்து. இதில் வயதானாலும் கொட்டாது என்று நம்பக்கூடிய பகுதி, காதிலிருந்து காதுவரை பின்மண்டையைச் சுற்றிய பட்டை, மொத்தத்தில் கால்பங்கு. அதாவது 12,500 கொத்து. அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் அங்கேயே வழுக்கை தெரியும். ஆக ஓர் ஆண் ஆயுளுக்கும் எடுத்துச் செலவழிக்கக்கூடியது தோராயமாக 6,000 கொத்து. சிலருக்குக் கூடும், பலருக்கு இதைவிடக் குறையும்.

எங்கள் பையன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இருபது வயதுக்காரனுக்குரிய நெற்றிக்கோட்டைக் கேட்டான், அவர்களும் வரைந்து கொடுத்தார்கள். சுமார் 70 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொன்றிலும் 50 கொத்து, மொத்தம் 3,500. மிச்சம் 2,500. அவனுடைய அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருப்பதுபோல உச்சிவரை காலியாகுமென்றால், நிரப்ப வேண்டிய இடம் இன்னும் 130 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 19 கொத்து. இயற்கை கொடுத்திருந்தது கிட்டத்தட்ட 80. பத்தொன்பது என்பது வெளிச்சத்தில் மண்டை தெரியும் அடர்த்தி. அப்பாவின் தலையை ஒரு தடவை பார்த்திருந்தால் முதல் நாளே ஒரு காகிதத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. நெற்றிக்கோட்டை ஒன்றரை சென்டிமீட்டர் மேலே, நாற்பது வயதுக்காரனுக்குரிய இடத்தில் வரைந்திருந்தால் ஆயிரம் கொத்தாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அப்படி வரைகிற டாக்டரிடம் இருபத்தைந்து வயதுப் பையன் பணம் கட்டமாட்டான், எதிர்ச்சாரியில் உள்ள கிளினிக்குக்குப் போய்விடுவான். கிராஃப்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று எண்ணிக்கையில் விற்கும் தொழிலில், குறைவாக நடுங்கள் என்று சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. எனக்குக் கோபம் இந்த இடத்தில்தான். கையில் திறமை இல்லாதவர்களைவிட, திறமையிருந்தும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடுகிறவர்களால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நட்ட முடிக்கு நடுவே ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருந்த சொந்த முடிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அறுவையின் அதிர்ச்சியில் அவை மொத்தமாக விழலாம். வலுவானவை சில மாதங்களில் திரும்பும். கடைசிச் சுற்றில் இருந்தவை திரும்புவதில்லை. நட்ட முடிகளேகூட இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் கொட்டிவிடும். மயிர்க்கால் உள்ளே உயிரோடு இருந்து, மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கும், முழு விளைவு தெரிய ஒரு வருடமாவது ஆகும். முன்பே சொல்லாவிட்டால் தலையணையில் முடியைப் பார்க்கும் ஆள் பயந்து செத்துவிடுவான்.

கைவேலையில் கெடுவதும் உண்டு. பிடுங்கி எடுத்த மயிர்க்காலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. குளிர்ந்த உப்புக் கரைசலில் அது காத்திருக்கும்போது, மணிக்கு ஒரு சதவீதம் என்ற அளவில் பிழைக்கும் வாய்ப்பு குறைவதாக லிம்மர் கணக்கிட்டார். அதைவிடப் பெரிய எமன் காற்று. நடுகிறவர் பத்துப் பதினைந்து கிராஃப்டை வரிசையாகக் கையுறையின் விரல்மேல் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக நட்டால், கடைசியில் உள்ளவை சில நிமிடங்களில் காய்ந்துவிடும். பார்க்க அப்படியே இருக்கும், முளைக்காது. துளைக்கும் ஊசியின் கோணம் சற்றுப் பிசகினால் தோலுக்கடியில் வேர் வெட்டுப்படும். முடி தோலிலிருந்து நேராக எழுவதில்லை. முன்நெற்றியில் முன்னோக்கிச் சாய்ந்து படுத்தாற்போல வரும், காதோரம் கீழ்நோக்கித் தோலோடு ஒட்டி வரும், உச்சியில் சுழியாகச் சுற்றும். முதல் வரிசையில் ஒற்றைமுடிக் கொத்துகளை மட்டும், கொஞ்சம் ஒழுங்கில்லாமல் வைக்க வேண்டும். இரண்டும் மூன்றும் உள்ளவற்றை நூல் பிடித்தாற்போல் வைத்துவிட்டால் ஆயுள் முழுக்க நெற்றியில் விளம்பரப் பலகைதான்.

இவ்வளவையும் பல இடங்களில் செய்வது டாக்டர் இல்லை. அவர் பேனாவால் கோடு வரைந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார், டெக்னீஷியன்கள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்வார்கள். இஸ்தான்புல் இந்தத் தொழிலின் தலைநகராக ஆனதும் பெரும்பாலும் இப்படித்தான். இது வெறும் அழகு விஷயமாக முடிவதில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. மரத்துப்போகப் போடும் லிடோகெயின் மருந்தை அட்ரினலினோடு சேர்த்தால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான வரம்பு. நாளெல்லாம் நீளும் சிகிச்சையில் ஊசிமேல் ஊசி போட்டால் அதைத் தாண்டுவது எளிது, தாண்டினால் வலிப்பு வரலாம், இதயம் தடுமாறலாம். 2016இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பயிற்சிபெற்ற தோல் மருத்துவர்களும் பிளாஸ்டிக் சர்ஜன்களுமே செய்ய வேண்டும், யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுத வேண்டி வந்ததே நிலைமையைச் சொல்லிவிடும்.

சரி, நடாத முடியைக் காப்பாற்ற வழியே இல்லையா? உண்டு, அது கத்தியில் இல்லை. டொமினிகன் குடியரசில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டோடு பிறந்த ஆண்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கு வளர்ந்தபின் வழுக்கையும் விழவில்லை, புராஸ்டேட்டும் வீங்கவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது. 1 மில்லிகிராம் மாத்திரைக்கு வழுக்கைக்காக 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மேலே தடவும் மினாக்ஸிடில் அதற்கு முன்பே, 1988இல் வந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தபோது உடலெல்லாம் முடி முளைக்க வைத்துப் பெயர் வாங்கிய மருந்து அது. இரண்டும் பெரும்பாலோருக்குக் கொட்டுவதை நிறுத்தும் அல்லது மெதுவாக்கும், மருந்தை நிறுத்தினால் பலன் போய்விடும்.

எங்கள் பையனுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு என்று விளக்கவில்லை. நண்பன் ஒருவன் 'ஆண்மை போயிடும்' என்று சொன்னதும் நிறுத்திவிட்டான். தொடக்கக்கால ஆய்வுகளில் பாலியல் தொடர்பான பக்கவிளைவு மாத்திரை எடுத்தவர்களில் 3.8 சதவீதம், வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகவும், மனச்சோர்வு வந்ததாகவும் சொல்பவர்கள் உண்டு, மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் அவை இடம்பெற்றும் விட்டன. எடுப்பதும் விடுப்பதும் அவன் விருப்பம். ஆனால் அதை எடுக்காத இருபத்தைந்து வயதுக்காரனின் நெற்றியில் 3,500 கிராஃப்ட் வைத்தால் நாலு வருடத்தில் என்ன ஆகும் என்பது கத்தி பிடிப்பவருக்குத் தெரியாததல்ல.

அவனை அழைத்துப் போய்க் காட்டிய தோல் மருத்துவர், முடியைப் பெரிதாக்கிக் காட்டும் டிரைக்கோஸ்கோப்பை உச்சியில் வைத்துத் திரையில் காட்டினார். தடித்ததும் மெலிந்ததுமாக முடிகள் கலந்து கிடந்தன. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படித் தடிமன் மாறுபட்டால் வழுக்கை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். இரண்டாவது அறுவை இப்போது வேண்டாம், மருந்தோடு ஒரு வருடம் பார்ப்போம், பிறகு மிச்சமிருப்பதை முன்பக்கத் திட்டுக்குப் பின்னால் பரவலாக வைத்து வெட்டுக்கோடு தெரியாமல் ஆக்கலாம், உச்சியை விட்டுவிடலாம் என்றார். தாடி முடியையும் கொஞ்சம் எடுக்கலாம் என்றார், அது தடிப்பு, சுருளும், முன்னால் வைக்க முடியாது. பின்மண்டைப் புள்ளிகளுக்கு மை குத்தும் வழி இருக்கிறது.

"புதுசா முடியை லேப்ல வளர்த்து வைக்க முடியாதா மேடம்?" என்று கேட்டான். அவர் சிரித்தார். ஆனால் கேள்வி அசட்டுத்தனமானதல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் காலின் ஜஹோடா 1999இல் தன் தலையின் மயிர்க்கால் உறையிலிருந்து எடுத்த செல்களைத் தன் மனைவியும் சக ஆய்வாளருமான அமாண்டா ரெனால்ட்ஸின் கையில் வைத்தார். அங்கே புதிய மயிர்க்கால்கள் உருவாகி முடி முளைத்தது. சில செல்கள் போதும், கையிருப்பு என்ற பேச்சே இருக்காது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தடுக்கிய இடம் பெருக்குவதில். மயிர்க்காலின் அடியில் உள்ள பாப்பில்லா செல்களைத் தட்டில் பரப்பி வளர்த்தால், தாங்கள் யார் என்பதை மறந்துபோய் முடியை உண்டாக்கும் திறனை இழந்துவிடுகின்றன. தலைகீழாகத் தொங்கும் துளிகளில் அவற்றை உருண்டையாகத் திரள விட்டால் அந்தத் திறன் ஓரளவு திரும்புகிறது என்று ஜஹோடாவும் நியூயார்க்கின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் 2013இல் காட்டினார்கள். அது எலியின் முதுகில் ஒட்டிய மனிதத் தோலில் நடந்த சோதனை. சரியான தடிமனில், சரியான சாய்வில், வருடக்கணக்கில் சுழலும் மயிர்க்காலை மனிதத் தலையில் இப்படி உண்டாக்கும் சிகிச்சை எதற்கும் இதுவரை அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதற்குள் சில கிளினிக்குகளின் விலைப்பட்டியலில் 'ஸ்டெம் செல்', 'எக்ஸோசோம்' என்று தனி வரிகள் ஏறிவிட்டன. பையனின் பழைய ரசீதிலும் அப்படி ஒரு வரி இருந்தது. என்ன போட்டார்கள் என்று கேட்டால், ஊசி என்கிறான்.